தலைமாட்டுக் கயிறு

1976 ஜூலை 22, வியாழன். கார்பி, இங்கிலாந்து

தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வெயில் இந்த வருஷம். பாத்திரம் கழுவிய தண்ணீரை எடுத்துப்போய் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "சோப்புத் தண்ணி குடிச்ச ரோஜா நுரையாத்தான் பூக்கும்" என்றாள். பூத்தால் பூக்கட்டும்.

பெட்டி பாதி கட்டியாயிற்று. இரும்பு ஆலைக்கு விடுமுறை, அதனால் நான் வேலை செய்யும் ஆலை கேன்டீனுக்கும் விடுமுறை. இந்த ஊரில் பாதிப் பேர் ஸ்காட்லாந்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். விடுமுறை விட்டால் ஊரே வடக்கே பார்த்து நகரும். கிளாஸ்கோ வந்ததும் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். நாங்கள் மட்டும் நாடு முடிகிற இடம் வரைக்கும் போய், கடல் தாண்டி, அதற்கப்புறமும் ஒரு கப்பல் பிடித்து ஹெல்சே தீவுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு நினைவு வழிபாடு. கல்லறைக்குக் கல் வந்துவிட்டது என்று தம்பி தார்ஃபின் போனில் சொன்னான்.

அப்பா பிப்ரவரியில் போனார். போன் வந்தபோது நான் கேன்டீனில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஹியூதான் எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, செய்தி கேட்டு, கோட்டைக் கூடக் கழற்றாமல் கிளம்பப் பார்த்தேன். "உக்காரு மெரன். கப்பல் ஆபீசுக்கு நானே போன் பண்ணிக் கேட்டுட்டேன். கடலு பைத்தியம் புடிச்சு ஆடுதாம். இந்த வாரம் முழுக்கக் கப்பல் இல்லையாம்" என்றார்.

நான் இல்லாமலே புதைத்துவிட்டார்கள். எங்கள் தீவு வழக்கப்படி இங்கே கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தேன். ஹியூ துணியை ஓரமாகத் தூக்கி, தெரிந்த அளவு முகத்தை மட்டும் சவரம் பண்ணிக்கொண்டு, ஒரு கன்னத்தில் தாடியோடு வேலைக்குப் போனார். அழுதுகொண்டே சிரித்தேன் அன்றைக்கு.

ஜூலை 24, சனி. ரயில்

எல்ஸ்பெத் கேட்டாள்: "தாத்தா செத்தப்போ போகலைன்னு இன்னும் ஏம்மா இப்படி இருக்க? கடல் மேல உனக்கென்ன கோவம்?"

என் மகளுக்குப் பதினாறு வயசு. கார்பியில் வளர்ந்தவள், அவளுக்குக் கயிறு பற்றித் தெரியாது. சொன்னேன். எங்கள் பக்கம் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது சொந்தக்காரர்கள்தான். எட்டுக் கயிறு. தச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். முதல் பேர் தலைமாட்டுக் கயிற்றுக்கு. செத்தவருக்கு யார் நெருக்கமோ அவருக்கு. எட்டுப் பேரும் ஆண்பிள்ளைகள். கல்லறைப் பக்கம் அன்றைக்குப் பெண்கள் போவதில்லை.

"அப்ப நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"வீட்ல இருந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவோம்."

"தாத்தாவைப் புதைக்கிறாங்க, நீங்க வெண்ணெய் தடவுறீங்க!"

எனக்கும் அப்படித்தான் இருந்தது, பதினாலு வயசில், அம்மா போனபோது. நானும் வருகிறேன் என்று அப்பாவின் கோட்டைப் பிடித்துத் தொங்கினேன். அப்பா விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனார். மாட்டுக் கொட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடற்கரைப் பாதையில் கறுப்பாக ஒரு வரிசை. கடைசித் தொப்பி மேட்டுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் பார்த்தேன். பிறகு வெகுநாள் அப்பாவோடு பேசவில்லை.

அப்பா அதை மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் நாங்கள் போயிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். தார்ஃபின் இருந்தான், ஹியூ இருந்தார், எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். "மெரன், உங்கம்மாவைத் தூக்கிட்டுப் போறப்ப உன்னை வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போனேன். அது தப்பு. என் தலைமாட்டுக் கயிறு உனக்குத்தான். எவனாவது ஏதாவது சொன்னா, உங்கப்பன் மேன்சி ரெண்டல் சொன்னான்னு சொல்லு."

தார்ஃபின், "செத்த ஆளு சொன்னா யாருப்பா கேப்பா?" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. தீவின் தெற்கு முனையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுடைய அப்பனைப் புதைக்கும்போது தலைமாட்டுக் கயிற்றை இரண்டு பேருமே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் விடவில்லை. பெட்டி கோணலாக இறங்கியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே வயல், பாகமும் பிரிக்கவில்லை. ஒருத்தன் கிழக்கிலிருந்து உழுதுகொண்டு வருவான், மற்றவன் மேற்கிலிருந்து. நடுவில் இரண்டு பேரும் விட்ட ஒரு கீற்று நிலத்தில் வருஷா வருஷம் முள்ளு முளைக்கும். தீவிலேயே பெரிய முள்ளு அதுதான். எல்ஸ்பெத் சிரித்துச் சிரித்து, எதிர் சீட்டுப் பாட்டியின் தேநீரைத் தட்டிவிட்டாள்.

ஜூலை 25, ஞாயிறு

பெரிய கப்பல். ஹியூ வழி முழுக்க வாந்தி. முதுகைத் தடவிவிட்டேன்.

ஜூலை 26, திங்கள். ஹெல்சே

சின்னக் கப்பலில் எங்களோடு ஒரு காளை வந்தது. வயிற்றுக்குக் கீழே பட்டை கட்டி, கிரேனில் தூக்கித் துறையில் இறக்கினார்கள். நாலு காலும் அந்தரத்தில் தொங்க, சர்ச்சுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தது. துறையில் நின்ற அத்தனை பேரும் காளைக்குக் கை தட்டினார்கள்.

எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எழுத வந்தேன். இருபது வருஷமாகக் கோடையில் வந்து இறங்குகிறேன். இறங்கியதும் ஒருத்தர் பெட்டியை வாங்குவார், ஒருத்தர் கன்னத்தைக் கிள்ளுவார், யாராவது ஒரு கிழவர் "எங்க, இன்னும் குண்டாகலையா நீ?" என்பார். இன்றைக்குத் தொப்பியைத் தொட்டார்கள், திரும்பிக்கொண்டார்கள். அப்பா இல்லாத துக்கமோ? நான் எப்படி நிற்கிறேன் என்று பார்க்கிறார்களோ?

தார்ஃபின் டிராக்டரோடு வந்திருந்தான். இளைத்துப்போயிருக்கிறான். கல்யாணம் பண்ணாமல் அப்பாவோடேயே இருந்தவன். "வா அக்கா" என்றான். கட்டிக்கொண்டேன். உடம்பு கட்டை மாதிரி இருந்தது.

ஜூலை 27, செவ்வாய்

கடையில் மைமியைப் பார்த்தேன். எங்கள் அடுத்த பண்ணைக்காரி. என்னோடு பள்ளிக்கூடம் போனவள், என்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன மெரன், இந்தத் தடவை லீவு குடுத்துட்டாங்களா?" என்றாள்.

"ஆலையே மூடியாச்சு, குடுக்காம என்ன?" என்றேன். கடைக்காரி எதையோ நிறுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். தராசு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதென்ன, இந்தத் தடவை?

ஜூலை 29, வியாழன்

எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் மைமி வயலில் காய்ந்த புல்லைப் புரட்டப் போனேன். கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். புல்வாரியை எடுத்து அவளோடு ஒரே வரிசையில் இழுத்துக்கொண்டே, "என்மேல உனக்கு என்ன கோவம்?" என்றேன்.

"எனக்கென்ன கோவம்? மேன்சிதான் பாவம்."

"புயல்ல கப்பல் இல்லைன்னா நான் நீந்தியா வர முடியும்?"

மைமி வாரியை நட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். "எந்தப் புயல்?"

"பிப்ரவரில. அப்பாவைப் புதைச்ச வாரம்."

"அடி போடி. அந்த வாரம் கடலு தட்டுல ஊத்துன பாலு மாதிரி கிடந்துச்சு. வீட்டு வாசல்ல உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சேன் நான், பிப்ரவரி மாசத்துல! கிர்க்வால் டவுன்லேர்ந்து ஒரு கப்பல் நெறைய வந்தாங்க. உங்க சின்னம்மா கைத்தடியோட வந்துச்சு. உன்னைத்தான் காணோம்."

என் வாரியைக் கீழே போட்டேன்.

"கேன்டீன் வேலையை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டியாமே. தார்ஃபின்தான் சொன்னான். மேன்சி நடமாட்டம் இருந்தப்பவே வீடு வீடாப் போயி, ஒண்ணாம் கயிறு எம் பொண்ணுக்கு, எம் பொண்ணுக்குன்னு சொல்லி வச்சிட்டுச் செத்தாரு. மகளுக்கு அங்க சூப்பு கொதிக்கலையாம்னு பேசிக்கிட்டோம் நாங்க."

"நான் அப்படிச் சொல்லலை மைமி."

அவள் என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "வா, வந்து உக்காரு. விழுந்துடப் போற" என்றாள்.

வயலில் இருந்து கடலைப் பார்த்தேன். நான் அதைத் திட்டாத நாள் இல்லை, பிப்ரவரியிலிருந்து. அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது.

ஆனால் ஹியூ கப்பல் ஆபீசுக்குப் போன் பண்ணினாரே? வேறு எந்தக் கப்பலையோ சொல்லியிருப்பார்களோ? அவரையும் ஏமாற்றியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 30, வெள்ளி

தார்ஃபின் பால் கறக்கிற நேரம் பார்த்துக் கொட்டிலுக்குப் போனேன். மாட்டை விட்டு ஓட முடியாது அல்லவா.

"கப்பல் ஓடிச்சாமே தார்ஃபின்."

கை நிற்கவில்லை. சர்ர், சர்ர் என்று பால் விழுந்துகொண்டிருந்தது. "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"சரி, ஓடிச்சு. இப்ப என்ன?" மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்தபடியே பேசினான். "நீ வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பொம்பளை கயிறு புடிக்க வந்து நின்னா விடுவாங்களா? கல்லறை வாசல்லயே மறிச்சிருப்பாங்க. எல்லார் முன்னாடியும் அழுதுட்டு நீ திரும்பி வரணும், அதை நான் பாக்கணுமா? உன் மானத்தைத்தான் காப்பாத்துனேன்."

"அப்பன் சாவுக்கு வரமாட்டேன்னு நான் சொன்னதா ஊருக்கே சொன்னியே, அதுதான் மானத்தைக் காப்பாத்துறதா?"

அப்போதுதான் திரும்பினான். கண்ணெல்லாம் சிவப்பு. "கடைசி ரெண்டு குளிர்காலம் அவரைத் தூக்கித் தூக்கி எம் முதுகு போச்சு தெரியுமா உனக்கு? குளிப்பாட்டினது யாரு, மூத்திரத் துணி அலசுனது யாரு? நீ கோடையில வருவ, ஒரு கேக்கோட வருவ. 'மெரன் வந்துட்டா, மெரன் வந்துட்டா'ன்னு அந்த ஆளு குதிப்பாரு. கயிறும் உனக்கு! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்குன்னு சொன்னாரா?"

அவன் சொல்வது பொய்யில்லை. அதை அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. "எங்கிட்டக் கேட்டிருந்தா ஆளுக்கு ஒரு கையாப் புடிச்சிருப்போமேடா! கடல் மேல பழியைப் போட்டியே. பாவம் ஹியூவையும் நம்ப வச்சு..."

தார்ஃபின் சிரித்தான். சிரிப்பா அது?

"மச்சானையா? நான் நம்ப வச்சேனா? கப்பல் ஓடுதுன்னு முதல்ல சொன்னதே நான்தான். வேண்டாம், அவளை விட்டுடலாம், வந்தா ரகளைதான்னு சொன்னேன். 'சரி, நான் பாத்துக்கறேன்'னாரு. புயல்ங்கறது அவர் யோசனை அக்கா. எனக்கு அவ்வளவு மூளை ஏது?"

மாடு வாளியை உதைத்தது. அவ்வளவு பாலும் சாக்கடையில் ஓடிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூலை 31, சனி

கேட்டேன்.

துறைப் பக்கம், கல் சுவரில் உட்கார்ந்து எல்ஸ்பெத்தோடு நண்டு தின்றுகொண்டிருந்தான் ஹியூ. அவளைக் கடைக்கு அனுப்பினேன். "கப்பல் ஆபீசு நம்பர் என்ன ஹியூ?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். நண்டை வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்தான், துடைத்தான். விட்டால் இன்னும் துடைத்துக்கொண்டிருப்பான்.

"சண்டை வேணாம்னுதான் மெரன். உன் தம்பி அழுதான் போன்ல. அங்க போயி நீ அவமானப்பட்டு, நெஞ்சு கிழிஞ்சு வருவியேன்னு..."

"எங்கப்பன் செத்ததுக்குக் கிழியாத நெஞ்சு வேற எதுக்குடா கிழியணும்?"

"வழியெல்லாம் பனி வேற..."

"பனியை இப்பத்தான் கண்டுபுடிச்சியா?"

நான் அழுத அழுகையெல்லாம் பார்த்தவன். தினமும் நான் கடலைத் திட்டுவதைக் கேட்டவன். "ஆமா, பாழாப்போன கடலு" என்று கூடச் சேர்ந்து திட்டியவன். முகம் தெரியாத கடலுக்கு எதிராக எனக்கு ஒரே ஒரு ஆள் துணை என்று நினைத்திருந்தேன் நான். ஐயோ, எந்தத் தைரியத்தில் என் கண்ணீரைத் துடைத்தான் இவன்? இருபது வருஷம். இன்னும் எத்தனை இருக்கு, இந்த மாதிரி? எதை எதைத் தோண்டிப் பார்க்கிறது?

தம்பி கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொள்வான். இவனோடு ஒரே தலையணை.

நான் மைமி வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

வழிபாடு முடிந்தது. சர்ச் நிறைய ஆட்கள். தார்ஃபின் ஒரு பக்கம், ஹியூ ஒரு பக்கம், நடுவில் நான். போதகர் அப்பாவின் நேர்மையைப் பற்றிப் பேசினார். பாட வேண்டிய இடத்தில் மூன்று பேரும் பாடினோம். என் குரலும் சரியாகத்தான் வந்தது, ஆச்சரியம்.

கல் பார்க்க எல்லாருமாகக் கல்லறைக்கு நடந்தோம். நினைவு வழிபாட்டுக்குப் பெண்கள் போகலாம், அதற்குத் தடையில்லை. சாம்பல் நிறக் கல், அம்மா பேருக்குக் கீழே அப்பா பேர். நல்ல கல். வெயிலில் சூடாக இருந்தது.

தச்சர் ஜாக்கி ஃப்ளெட் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவின் பெட்டியைச் செய்தவர், கயிற்றுக்குப் பேர் கூப்பிடுகிறவர். மைமி அவரிடம் சொல்லியிருக்கிறாள் போல. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "உன்னைத் தப்பா நெனச்சுட்டோம் தாயி" என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "நான் வந்திருந்தா வாசல்ல மறிச்சிருப்பீங்களா மாமா?"

"மறிக்கிறதா? எவன் மறிப்பான்? மேன்சி சொல்லிட்டுப் போனது. ரெண்டு கெழடுங்க முனகிச்சு, இல்லைங்கலை. நான்தான் சொன்னேன், பேசாம போங்கடா, அவன் தலை, அவன் கயிறுன்னு. உன் பேரைத்தான் முதல்ல கூப்பிட்டேன். வரலைன்னு சொன்னாங்க, இருந்தாலும் கூப்பிட்டேன். சொன்ன வார்த்தை இருக்குல்ல. 'மெரன் ரெண்டல்'னு கூப்பிட்டுட்டு நின்னேன். அமைதியா இருந்துச்சு. அப்புறம் தார்ஃபின் வந்து எடுத்துக்கிட்டான்."

மறிக்க யாருமே இல்லை. வாசலும் திறந்து கிடந்திருக்கிறது, கடலும் சும்மா கிடந்திருக்கிறது. என் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தார்ஃபின் கல்லின் கால்மாட்டுப் பக்கம் தள்ளி நின்றிருந்தான். ஜாக்கி பேசியது அவனுக்கும் கேட்டது. ஹியூ தூரத்தில் சுவர் ஓரமாக நின்று மற்ற கல்லெல்லாம் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தவர் ஒருத்தர் பேர்கூட அதில் இருக்காது.

எல்ஸ்பெத் என் கையைப் பிடித்தாள். அவளுக்கு யார் சொன்னார்களோ.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

கிளம்பியாயிற்று. துறையில் மைமி பெட்டியைத் தூக்கினாள், கடைக்காரி பார்லி ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஊர் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. தார்ஃபின் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. கப்பல் திரும்பும்போது பார்த்தேன், ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். அவனை ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. அவனுக்குக் காரணம் இருந்தது.

ஹியூ வாந்தி எடுத்தான். எல்ஸ்பெத்தான் போய் முதுகைத் தடவினாள்.

ஆகஸ்ட் 19, வியாழன். கார்பி

"எவ்வளவு நாளைக்கு இப்படி?" என்று ஹியூ கேட்டான். தெரியாது என்றேன். தெரியாதுதான்.

அக்டோபர் 2, சனி

மழை. ரோஜா ஒன்று மிச்சம். எல்ஸ்பெத் அறையில் எனக்குக் கட்டில் போட்டாயிற்று. குறட்டை விடுகிறேனாம், "அப்பா எப்படித்தான் இருந்தாரோ" என்கிறாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நவம்பர் 18, வியாழன்

இன்று எனக்குக் கேன்டீனில் விடுப்பு. பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. கிளாஸ்கோவிலிருந்து, ஹியூவின் அண்ணி. அவனுடைய அண்ணன் ஆர்ச்சி காலையில் தேநீர் குடித்துக்கொண்டே போய்விட்டாராம். நாளை மதியம் புதைக்கிறார்கள். அண்ணி அழுதாள். "ஹியூகிட்ட மெதுவா சொல்லு மெரன். அவனுக்கு அண்ணன்னா உசுரு. வேலையில இருப்பான், சாயந்தரம் வந்தப்புறம் சொன்னாக்கூடப் போதும்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. இந்தச் செய்தி உலகத்தில் இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிப்ரவரியில் அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவனுடைய கறுப்பு சூட்டை எடுத்துத் தேய்த்தேன். வெள்ளைச் சட்டை, டை, சவரக் கத்தி. ரொட்டி கட்டினேன். மழையில் ஆலை வாசலுக்கு நடந்துபோய், காவல்காரரிடம் சொல்லி அவனைக் கூப்பிட வைத்தேன்.

முகமெல்லாம் கரியோடு வந்தான். சொன்னேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எப்ப போன் வந்துச்சு?" என்றான்.

"இப்பத்தான். மத்தியானம் கிளாஸ்கோ பஸ் இருக்கு. ஆபீசுல கேட்டுட்டேன், ஓடுது. இப்பவே கெளம்பினா ராத்திரி வீட்டுல இருப்ப. நாளைக்குக் கயிறு புடிக்க நீ இருக்கணும்ல."

பையை நீட்டினேன். வாங்கித் திறந்து பார்த்தான். சூட்டைப் பார்த்தான், ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தான்.

"ஒருத்தருக்குத்தான் கட்டியிருக்க" என்றான்.

"ஆமா" என்றேன்.